ஒரு வரிசை ரிவெட்: ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 ஏன் விழுந்தது?

விமானம் ஒன்று விழுந்தால் செய்திகளில் அடிபடுவதெல்லாம் கடைசி நிமிடங்கள்தான். விமானி என்ன பேசினார், எந்த எஞ்சின் நின்றது, கறுப்புப் பெட்டி கிடைத்ததா. விசாரணை அறிக்கை மாதக்கணக்கில் வராவிட்டால் எதையோ மறைக்கிறார்கள் என்ற பேச்சும் கிளம்பிவிடும். விழுந்த விமானத்தின் பத்து வருடப் பழைய பராமரிப்புப் பதிவேடுகளை எதற்காகத் தோண்டுகிறார்கள் என்பது பலருக்கும் விளங்குவதில்லை. அதை விளக்க ஜப்பானில் 1985இல் நடந்த விபத்தைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

1985 ஆகஸ்ட் 12. முன்னோர்களை நினைத்துச் சொந்த ஊர் போகும் ஓபோன் பண்டிகைக் காலம். டோக்கியோவின் ஹனேதா விமான நிலையத்திலிருந்து ஓசாகாவுக்கு 524 பேருடன் ஒரு போயிங் 747 கிளம்பியது. பயணிகள் 509 பேர், பணியாளர்கள் 15 பேர். 44 நிமிடங்களில் குன்மா மாவட்டத்து மலை ஒன்றில் மோதியது. 520 பேர் இறந்தார்கள். ஒரே ஒரு விமானம் சம்பந்தப்பட்ட விபத்துகளில் இத்தனை உயிர்களை வாங்கியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. விபத்துக்கான காரணம் நடந்தது அன்றைக்கல்ல. ஏழு வருடங்களுக்கு முன்பே.

முதலில், விமானத்துக்குள் காற்று

சாதாரணமாகப் பயணிகள் விமானம் பறக்கும் உயரத்தில் மனிதனால் மூச்சுவிட முடியாது. 24,000 அடியிலேயே வெளிக்காற்றின் அழுத்தம் தரையில் இருப்பதில் ஏறக்குறைய 40 சதவீதம்தான். அதனால் விமானத்துக்குள் காற்றை அடைத்து, உள்ளே அழுத்தத்தைக் கூட்டி வைக்கிறார்கள். அந்த உயரத்தில் விமானத்தின் உடல் ஊதிய பலூன்.

மூக்கிலிருந்து வால்வரை முழு உடலையும் ஊத வேண்டியதில்லை. வால் பகுதிக்குள் ஆட்கள் இல்லை. குழாய்களும் கம்பிகளும் துணை எஞ்சினும்தான் உண்டு. ஆகவே கடைசி இருக்கைகளுக்கும் கழிப்பறைக்கும் பின்னால் ஒரு சுவர் வைத்துப் பலூனை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அதுதான் பின்புற அழுத்தத் தடுப்புச்சுவர். பயணிகள் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

747இல் அந்தச் சுவரின் அமைப்பு விரித்த குடையைப் போன்றது. விசிறி வடிவ அலுமினியத் தகடுகளை ஒன்றோடொன்று ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் உலோக ஆணி) அடித்துச் சேர்த்து, குடைக்கம்பிகளைப் போல முட்டுக்கம்பிகள் வைத்திருப்பார்கள். குறுக்களவு நாலரை மீட்டர். தகட்டின் கனமோ ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. உள்ளே வெளியே அழுத்த வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்கு 0.6 கிலோ வரை போகும். கேட்கச் சின்ன எண்தான். சுவரின் பரப்பு முழுவதற்கும் கணக்குப் போட்டால் சுமார் 100 டன் வரும். சரக்கேற்றிய நாலு லாரிகளின் எடை அந்தக் குடையைப் பின்பக்கமாகத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சரியாகச் செய்த சுவர் இதை வருடக்கணக்கில் தாங்கும். ஆனால் ஒவ்வொரு முறை ஏறும்போதும் உலோகம் இழுபடுகிறது, இறங்கும்போது தளர்கிறது. இரும்புக் கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்போமே, அதே சங்கதிதான். பொறியாளர்கள் இதை உலோகச் சோர்வு என்கிறார்கள். இந்தக் கணக்கில் பறந்த மணி நேரத்தைவிட எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதே முக்கியம். நீண்ட தூர 747 ஒரு நாளில் ஒன்றிரண்டு முறை ஏறி இறங்கும். விழுந்த விமானமோ ஜப்பானின் உள்நாட்டுக் குறுந்தூரப் பயணங்களுக்கென்றே உறுதியைக் கூட்டிச் செய்த 747எஸ்ஆர் ரகம். பதிவு எண் ஜேஏ8119. ஓசாகாவுக்குக் கிளம்பியது அன்றைய தினத்தில் அதற்கு ஐந்தாவது பயணம்.

1978: வால் உரசியது, ஒட்டுப் போட்டார்கள்

1978 ஜூன் 2 அன்று இதே விமானம் ஓசாகாவின் இதாமி நிலையத்தில் இறங்கும்போது மூக்கை அளவுக்கு மேல் தூக்கியதில் வால் ஓடுபாதையில் உரசியது. தடுப்புச்சுவரின் கீழ்ப்பாதி சேதம். விமானத்தைச் செய்த போயிங் நிறுவனமே தன் ஆட்களை அனுப்பிப் பழுது பார்த்தது. கீழ்ப்பாதியைக் கழற்றிப் புதியது வைத்தார்கள். மேல்பாதி பழையது.

சிக்கல் வந்தது பழையதும் புதியதும் சேரும் விளிம்பில். சில இடங்களில் ரிவெட் துளைகளைச் சுற்றி இருக்க வேண்டிய அளவுக்குத் தகடு மிச்சமில்லை. தையல்காரர் மொழியில் சொன்னால், துணி விளிம்பில் தையலுக்கு விட்ட இடம் போதவில்லை. அதற்குப் பொறியாளர்கள் சொன்ன வழி சரியான வழிதான். இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஒரு இணைப்புத் தகட்டைச் செருகி, மூன்று வரிசை ரிவெட் அடிக்க வேண்டும். இப்படிச் செய்தால்:

1. மேல்பாதியின் இழுவிசை மேல் வரிசை, நடு வரிசை ஆகிய இரண்டு வழியாகவும் இணைப்புத் தகட்டுக்குப் போகும்.
2. அங்கிருந்து நடு வரிசை, கீழ் வரிசை வழியாகக் கீழ்ப்பாதிக்குப் போகும்.
3. எந்தப் பக்கம் பார்த்தாலும் இரண்டு வரிசைகள் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். ஜீன்ஸ் ஓரத்தில் போடுகிற இரட்டைத் தையலைப் போல.

இதெல்லாம் இணைப்புத் தகடு ஒரே துண்டாக இருந்தால்தான் நடக்கும். அந்த இடத்தில் செருகப்பட்டதோ இரண்டாக வெட்டிய தகடு. மேல் வரிசை ரிவெட்டுகள் ஒரு துண்டில், நடு வரிசையும் கீழ் வரிசையும் இன்னொரு துண்டில். இரண்டு துண்டுகளுக்கும் நடுவே இடைவெளி. ஆகவே மேல் வரிசை சும்மா ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டிருந்ததே தவிர, எந்தச் சுமையையும் கடத்தவில்லை. மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் இடையிலான மொத்த இழுவிசையும் நடு வரிசை ஒன்றின் மேல் இறங்கியது. அந்த இணைப்பின் பலம் இருக்க வேண்டியதில் ஏறக்குறைய 70 சதவீதமாகக் குறைந்துபோனது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்று வரிசை ரிவெட் தலைகள் வரைபடத்தில் உள்ளபடியே தெரியும். வெட்டு இருந்தது தகடுகளுக்கு நடுவே. பழுது பார்த்த வேலை முடிந்து விமானம் கைமாறும்போதும், அதன் பிறகு நடந்த பராமரிப்புச் சோதனைகளிலும் யார் கண்ணிலும் இது படாததற்கு அதுவே முக்கியக் காரணம். விபத்துக்குப் பின் போட்ட கணக்கு, இப்படி ஒட்டிய சுவர் பத்தாயிரம் பயணங்களைத் தாண்டும்போது உடையும் என்றது. பழுது பார்த்த பிறகு அது 12,000க்கும் மேற்பட்ட முறை ஏறி இறங்கியது.

ஒரு சுவர் உடைந்தால் விமானம் ஏன் விழ வேண்டும்?

பலரும் கேட்கும் கேள்வி இது. நியாயமானதும்கூட. கேபின் காற்று வெளியேறினால் ஆக்சிஜன் முகமூடி விழும், விமானி விறுவிறுவென்று 10,000 அடிக்கு இறக்குவார், பக்கத்து நிலையத்தில் தரையிறங்குவார்கள். தடுப்புச்சுவர் உடைவதே மரண தண்டனையாகிவிடக் கூடாது. இங்கே அடுத்தடுத்து மூன்று விஷயங்கள் நடந்தன.

1. காற்று போன வழி. மாலை 6:24க்கு, 24,000 அடியை எட்டும் நேரத்தில் சுவர் பிளந்தது. கேபினிலிருந்து பாய்ந்த காற்று வால் பகுதிக்குள் அடைபட்டது. உள்ளிருந்து ஊதப்படுவதைத் தாங்க அந்தப் பகுதி கட்டப்படவே இல்லை.

2. செங்குத்து வால் பிய்ந்தது. காற்றுக்கு வேறு வழி கிடைக்கவில்லை. செங்குத்து வாலுக்குள் ஆள் நுழைந்து வேலை பார்ப்பதற்கென்று அடியில் ஒரு திறப்பு உண்டு. அதன் வழியாக உள்ளே ஏறிய காற்று வாலின் பெரும்பகுதியைப் பெயர்த்தெறிந்தது. ஒகுதாமா பகுதியில் தரையிலிருந்து ஒருவர் எடுத்த புகைப்படத்தில் வால் இல்லாத 747 தெரிகிறது. வாலின் துண்டுகள் பிறகு சகாமி விரிகுடாக் கடலில் கிடைத்தன.

3. நான்கு ஹைட்ராலிக்கும் போயின. கொலை செய்தது இதுதான் என்பேன். 747இன் இறக்கையிலும் வாலிலும் அசையும் பாகங்கள் எல்லாம் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குகின்றன. ஒன்று பழுதானாலும் மற்றது கைகொடுக்க வேண்டும் என்று நான்கு தனித்தனி அமைப்புகள் வைத்திருந்தார்கள். நான்கும் ஒரே சமயத்தில் போவதற்கு வாய்ப்பே இல்லை என்பது வடிவமைப்பாளர்களின் கணக்கு. காகிதத்தில் அந்தக் கணக்கு பிழையில்லாதது. ஆனால் நான்கின் குழாய்களும் வாலில் ஒரே இடத்தை ஒட்டித்தான் ஓடின. வால் பிய்ந்ததும் நான்கிலிருந்தும் எண்ணெய் ஒழுகித் தீர்ந்தது.

வீட்டுக்கு நாலு பூட்டுப் போட்டு, நாலு சாவியையும் ஒரே வளையத்தில் மாட்டி வைத்த கதை. பாதுகாப்புக்கு எத்தனை மாற்று ஏற்பாடு என்று எண்ணுவதோடு, அவை எங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். இந்தப் பாடத்துக்காகவே பொறியியல் வகுப்புகளில் இன்றும் இந்த விபத்தை எடுக்கிறார்கள்.

முப்பத்திரண்டு நிமிடங்கள்

கேப்டன் மசாமி தகஹாமா அனுபவசாலி. அன்று துணை விமானி கேப்டன் பதவிக்குப் பயிற்சியில் இருந்ததால் இடப்பக்க இருக்கையில் அவர் ஓட்ட, தகஹாமா வலப்பக்கத்தில் பயிற்றுநராக உட்கார்ந்திருந்தார். பெருஞ்சத்தம் கேட்டதும் ஹனேதாவுக்குத் திரும்ப அனுமதி கேட்டார்கள். திருப்பினார்கள், திரும்பவில்லை. கையிலிருந்த சுக்கானும் காலடி மிதிகளும் எதனோடும் தொடர்பில்லாத வெறும் பாகங்களாகிவிட்டன.

வால் இல்லாத விமானம் இரண்டு விதமாக ஆடும். ஒன்று, மூக்கு மேலே போய் வேகம் குறையும்; வேகம் குறைந்ததும் மூக்கு கவிழும்; கவிழ்ந்ததும் வேகம் கூடி மறுபடி மேலே போகும். கடல் அலைமேல் படகு போவதுபோல ஆயிரக்கணக்கான அடிகள் ஏறி இறங்கும் ஆட்டம் இது. இன்னொன்று, ஏறக்குறைய 12 நொடிக்கு ஒருமுறை இடமும் வலமுமாகச் சரிந்து, கூடவே மூக்கும் பக்கவாட்டில் அலைவது. இரண்டும் ஒன்றாக வந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதைப் பயணிகள் எழுதி வைத்த குறிப்புகளே சொல்கின்றன. சிலர் கைக்குக் கிடைத்த தாளில் வீட்டாருக்கு எழுதினார்கள்.

கையில் மிச்சமிருந்தது நான்கு எஞ்சின்கள். இறக்கைக்குக் கீழே தொங்கும் எஞ்சின்களின் விசையைக் கூட்டினால் மூக்கு உயரும், குறைத்தால் தாழும். இடப்பக்கம் கூட்டி வலப்பக்கம் குறைத்தால் வலப்பக்கம் திரும்பும். ஆனால் விசையை மாற்றிய பிறகு விமானம் அசைவதற்குப் பல நொடிகள் ஆகும். அதற்குள் ஆட்டம் வேறு நிலைக்குப் போயிருக்கும். அடுத்த மாடியில் குழாயைத் திறந்துவிட்டு இங்கே வாளி நிறைவதைப் பார்த்து அளவு வைப்பது போன்ற வேலை. அதை அரை மணி நேரம் செய்தார்கள். எண்ணெய் இல்லாததால் அவசர ஏற்பாட்டின்படி சக்கரங்களை இறக்கினார்கள், அதில் வேகம் கொஞ்சம் கட்டுக்குள் வந்தது. இறக்கை மடிப்புகளை மின்சாரத்தால் இயக்கிப் பார்த்தார்கள்.

வால் போய்விட்டது என்பது கடைசிவரை அவர்களுக்குத் தெரியாது. விமானி இருக்கையிலிருந்து வால் தெரியாது. பின்பக்க வலது கதவு உடைந்துவிட்டது என்றே தங்கள் நிறுவனத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கட்டுப்பாட்டு மையத்திடம் விமானம் கட்டுக்குள் இல்லை என்றார்கள். விமானப் பேச்சு வழக்கமாக ஆங்கிலத்தில்தான். அன்று டோக்கியோ மையம் இனி ஜப்பானிய மொழியிலேயே பேசலாம் என்றது. மாலை 6:56க்கு உயேனோ கிராமத்தை ஒட்டிய மலைமுகட்டில், கடல்மட்டத்திலிருந்து 1,565 மீட்டர் உயரத்தில் மோதியது. இன்று எல்லோரும் ஒசுதகா முகடு என்று சொல்லும் இடம் அது.

கடலில் இறக்கியிருக்கலாமே, வேறு யாராவது ஓட்டியிருந்தால் பிழைத்திருக்குமே என்பவர்கள் இன்றும் உண்டு. விபத்துக்குப் பின் பயிற்சிக் கருவியில் இதே நிலையை உருவாக்கிப் பார்த்தார்கள். பாதுகாப்பாகத் தரையிறக்குவது நடைமுறையில் ஆகாத காரியம் என்ற முடிவுக்கே வந்தார்கள்.

மீட்பு: தனியாகப் பேச வேண்டிய தவறு

மோதி 20 நிமிடங்களில் அமெரிக்க விமானப்படையின் சி-130 விமானம் ஒன்று தீயைக் கண்டு இடத்தைச் சொன்னது. அமெரிக்க ஹெலிகாப்டர் ஒன்றும் கிளம்பியது. அது இறங்கப்போகும் நேரத்தில் திரும்பச் சொல்லிவிட்டார்கள் என்று அந்த சி-130இல் இருந்த வழிகாட்டி அதிகாரி 1995இல் பகிரங்கமாகச் சொன்னார். ஜப்பானின் தற்காப்புப் படையினர் இரவில் மேலிருந்து பார்த்தார்கள், இறங்கவில்லை. மலை, இருட்டு, இடத்தைக் குறிப்பதில் குழப்பம். விடிந்த பிறகே ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள். முதலில் உயிரோடு இருப்பவரைக் கண்டபோது மோதி ஏறக்குறைய 16 மணி நேரம் ஆகியிருந்தது.

பிழைத்த நான்கு பேரும் பெண்கள். நால்வரும் விமானத்தின் பின்பகுதி இருக்கைகளில் இருந்தவர்கள். மோதிய பிறகு சுற்றிலும் பலருடைய குரல் கேட்டதென்றும் இரவு போகப்போக அடங்கிப்போனதென்றும் பிழைத்தவர்களில் ஒருவர் சொன்னார். முதல்நாள் இரவே யாராவது இறங்கியிருந்தால் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்ற கேள்வி ஜப்பானில் இன்னும் ஆறவில்லை.

சதிக் கதைகள் ஏன் நிற்பதில்லை?

மீட்பில் நேர்ந்த தாமதமும், விமானிகள் ஆக்சிஜன் முகமூடி போடாமல் இருந்ததும், விமானத்தை ஏவுகணை தாக்கியது என்ற கதைகளுக்குத் தீனியாயின. முகமூடி விஷயம் கேட்கத் தகுந்த கேள்விதான். ஆக்சிஜன் குறைவு அவர்களுடைய யோசனையையே மந்தமாக்கியிருக்கலாம் என்றே விசாரணை அறிக்கையும் கருதுகிறது. ஆனால் ஏவுகணைக் கதைக்கு முன்னால் உடைந்த தகடு நிற்கிறது. உலோகச் சோர்வால் விரிசல் வளரும்போது, மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல, மெல்லிய வரிகள் விழுந்துகொண்டே வரும். மலையில் பொறுக்கிய தடுப்புச்சுவரின் ரிவெட் துளைகளிலிருந்து கிளம்பிய விரிசல்களில் அந்த வரிகள் இருந்தன, அதுவும் ஒற்றை வரிசை ரிவெட் சுமந்த அதே இடத்தில். வெளியிலிருந்து வந்து தாக்கும் எதுவும் இப்படிப் படிப்படியாக விரிசல் வளர்க்காது. 1985 செப்டம்பரிலேயே போயிங் நிறுவனமும் பழுது பார்த்ததில் பிழை நடந்ததை ஒப்புக்கொண்டது. ஜப்பானிய விசாரணை ஆணையத்தின் அறிக்கை 1987இல் வந்தது.

பிறகு என்ன மாறியது, என்ன மாறவில்லை

747களில் செங்குத்து வாலின் அந்தத் திறப்புக்கு மூடி வைத்தார்கள். வாலில் குழாய் அறுந்தாலும் ஒரு ஹைட்ராலிக் அமைப்பிலாவது எண்ணெய் மிஞ்சும்படி தடுப்பு வைத்தார்கள்.

எதிர்பாராத பலன் ஒன்று அமெரிக்காவில் கிடைத்தது. டென்னிஸ் ஃபிட்ச் என்ற பயிற்றுநர் விமானி இந்த விபத்தைப் படித்துவிட்டு, எஞ்சின் விசையை மட்டும் வைத்து ஓட்ட முடியுமா என்று பயிற்சிக் கருவியில் முயன்று பார்த்திருந்தார். 1989 ஜூலை 19 அன்று யுனைடெட் 232 என்ற டிசி-10 விமானத்தின் எல்லா ஹைட்ராலிக்கும் போனபோது அவர் அதில் பயணியாக உட்கார்ந்திருந்தார். விமானி அறைக்குப் போய், தரையில் மண்டியிட்டு, எஞ்சின் விசைப்பிடிகளை இரண்டு கைகளிலும் பிடித்தார். விமானம் சூ சிட்டி ஓடுபாதையில் உடைந்து சிதறியது. ஆனாலும் இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள்.

மாறாததும் உண்டு. 2002 மே 25 அன்று தைவானிலிருந்து ஹாங்காங் போன சைனா ஏர்லைன்ஸ் 611 நடுவானில் துண்டுதுண்டானது. அதுவும் 747தான். 225 பேர் இறந்தார்கள். காரணத்தைத் தேடியவர்கள் போய்ச் சேர்ந்த இடம் 1980 பிப்ரவரி. ஹாங்காங்கில் வால் உரசி, அடிப்பகுதி சிராய்ந்து, சிராய்ந்த தோலை வெட்டி எடுக்காமல் மேலேயே ஒட்டுத்தகடு அடித்த பழுதுவேலை. தகட்டுக்கு அடியில் விரிசல் 22 வருடம் வளர்ந்தது. விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன், 2001 நவம்பரில், பழைய ஒட்டுகளைப் பதிவு செய்வதற்காக அந்த இடத்தைப் படம் எடுத்திருந்தார்கள். ஒட்டுத்தகட்டின் ஓரங்களில் பழுப்புக் கறை. உள்ளிருந்து காற்று கசிந்த அடையாளம். படத்தில் இருந்தது, பார்த்தவர்கள் கசிவென்று படிக்கவில்லை. அந்த ஒட்டைச் சோதிக்க 2002 இறுதியில் நாள் குறித்திருந்தார்கள்.

ஒசுதகா வழக்கில் ஜப்பானியப் போலீஸ் பலர்மேல் நடவடிக்கை கேட்டது. அரசு வழக்கறிஞர்கள் யார்மேலும் வழக்குத் தொடரவில்லை. 1978இல் ரிவெட் அடித்த அமெரிக்கப் பணியாளர்களை ஜப்பானியப் போலீசாரால் விசாரிக்க முடியவில்லை. ஹனேதா நிலையத்தை ஒட்டி ஜப்பான் ஏர்லைன்ஸ் 2006இல் திறந்த பாதுகாப்பு மையத்தில், மலையிலிருந்து கொண்டுவந்த தடுப்புச்சுவரைத் துண்டு துண்டாகச் சேர்த்து நிறுத்தியிருக்கிறார்கள். மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சந்தித்த கோட்டை அதில் பார்க்கலாம். அந்த இணைப்புத் தகட்டை ஏன் இரண்டாக வெட்டினார்கள் என்பதை விசாரணை அறிக்கை சொல்லவில்லை.